முடக்கிய நோயும் முடங்கிய பெயரும்

பெயரில்லாத ஒன்றை மனித மனம் நெடுநாள் தாங்கிக்கொள்வதில்லை. பிறந்த குழந்தைக்கும், புதிதாய் எழுந்த ஊருக்கும், வானில் தோன்றும் வால்வெள்ளிக்கும் பெயர் வேண்டியிருக்கிறது. எல்லாவற்றினும் விரைவாகப் பெயர் வேண்டப்படுவது நோய்க்கே. நோயாளியைப் பார்க்க வருவோர் வாசற்படியிலேயே கேட்கும் முதற் கேள்வி “என்ன வருத்தமாம்?” என்பதுதான். அதற்கு ஒரு சொல் விடையாகக் கிடைத்துவிட்டால், நோவு தணியாவிடினும் அச்சம் சிறிது தணிகிறது.

நோய்ப்பெயர்கள் பிறந்த முறையை நோக்கின் மூன்று வகைகள் முதன்மையாகத் தெரியும். சில பெயர்கள், நோய் முதலிற் கண்டறியப்பட்ட இடத்தைச் சுமந்து நிற்பன. 1947இல் உகண்டாவின் ஸிகா என்னும் காட்டிற் கண்டறியப்பட்ட வைரசு அக்காட்டின் பெயரைப் பெற்றது. 1976இல் கொங்கோவில் வெளிப்பட்ட கொடுங்காய்ச்சலுக்கு எபோலா என்னும் ஆற்றின் பெயர் வாய்த்தது. வேறு சில பெயர்கள், நோய்க்குக் காரணம் என்று கருதப்பட்டதைக் கூறுவன. ‘மலேரியா’ என்பது இத்தாலிய மொழியிற் ‘கெட்ட காற்று’ எனப் பொருள்படும். சதுப்பு நிலத்துத் தீய காற்றே அந்நோயைத் தருகிறதென அக்காலத்தவர் நம்பினர். 1897இல் ரொனால்ட் ரொஸ் அந்நோய்க் கிருமியை நுளம்பின் வயிற்றிற் கண்டபின் நம்பிக்கை வீழ்ந்தது, பெயர் வீழவில்லை. மூன்றாம் வகைப் பெயர்கள் நோயுற்றவர் படும் பாட்டைச் சொல்வன. இடத்தின் பெயரை ஆய்வாளர் இடுவர். காரணத்தின் பெயரை மருத்துவம் கற்றோர் இடுவர். பாட்டின் பெயரைப் பட்டவர்களே இடுவர்.

சிக்குன்குனியா இம்மூன்றாம் வகையைச் சேர்ந்தது. ஆயினும், 2006ஆம் ஆண்டின் இறுதியில் திருகோணமலைக் கரையை அது அடைந்தபோது அதன் பொருள் வழியிலேயே உதிர்ந்துபோயிருந்தது. வெறும் ஒலி மாத்திரமே வந்து சேர்ந்தது. அவ்வொலியை மக்கள் எவ்வாறு கேட்டனர், அவ்வாறு கேட்டதனால் என்ன நேர்ந்தது என்பன சிந்தித்தற்குரியவை.

பெயர் திரிவது திருகோணமலைக்குப் புதிதன்று. சம்பந்தரின் தேவாரம் ‘கோணமாமலை’ என்று போற்றிய தலம் அது. பாளி நூல்களில் அது ‘கோகண்ணம்’. ஐரோப்பியர் நாவிற் புகுந்தபின் ‘ட்ரிங்கோமலி’ ஆயிற்று. தமிழர் தாமும் இப்பெயர் குறித்து ஒரு முடிவுக்கு வந்தாரில்லை. ‘திரு’ என்னும் அடைபெற்ற கோணமலை என்பார் ஒருசாரார். மூன்று கோணங்களையுடைய ‘திரிகோணமலை’ என்பார் மற்றொரு சாரார். ஊர்ப்பெயரின் நடுவே ககர ஒற்றை இடுவதா விடுவதா என்பதிலும் எழுதுவோரிடையே ஒருமைப்பாடில்லை. ஒரு பெயரைக் கேட்பவன் அதனுள்ளே தனக்குத் தெரிந்த சொல்லொன்றைத் தேடுவான் என்பதற்கு இவ்வூரே தக்க சான்றாகும்.

உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாக எண்ணப்படுவது இத்துறை. 1957 வரை பிரித்தானியக் கடற்படை இங்கு தளமமைத்திருந்தது. துறைமுகங்களின் வழியாகப் பண்டங்களும் படைகளும் மாத்திரம் வருவதில்லை. சொற்களும் நோய்களும் வருகின்றன. டெங்கையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ‘ஈடிஸ் எஜிப்தி’ என்னும் நுளம்பு ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. பாய்க்கப்பல்கள் ஓடிய காலத்தில் அவற்றின் குடிநீர்ப் பீப்பாக்களில் முட்டையாகவும் குடம்பியாகவும் இருந்து, அது வெப்பவலய நாடுகளின் துறைமுகங்களெங்கும் இறங்கியது. மனிதன் சேமித்த நீரிலேயே பெருகி, மனிதன் செல்லும் இடமெல்லாம் உடன் செல்லும் உயிரி அது. அதன் பெயரின் முற்பகுதியான ‘ஈடிஸ்’ என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் ‘இனிமையற்றது’ என்பது பொருள். அறிவியலாளரும் சிற்சில வேளைகளில் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கின்றனர்!

2006ஆம் ஆண்டு திருகோணமலை மாவட்டத்துக்கு நல்லாண்டாக அமையவில்லை. யூலை மாதத்தில் மாவிலாற்று அணைக்கட்டைச் சூழ்ந்து போர் மூண்டது. ஓகஸ்டில் மூதூர் மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். சம்பூர்ப் பகுதியிலும் குடிமனைகள் வெறுமையாயின. இடம்பெயர்ந்தோர் உறவினர் வீடுகளிலும் முகாம்களிலும் ஒதுங்கினர். அடுத்த வேளை நீர் எப்போது வரும் என்ற உறுதியில்லாதவன், வரும் நீரையெல்லாம் கையிலகப்பட்ட பாத்திரத்திற் சேர்த்துவைப்பது இயல்பே. அந்நிலையில் வடகீழ்ப் பருவமழையும் வந்தது. மழையோடு காய்ச்சலும் வந்தது. யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு, திருகோணமலை, புத்தளம், கொழும்பு எனக் கரையோரப் பகுதிகள் பலவற்றில் அக்காய்ச்சல் பரவியது. தீவு முழுவதிலும் 30,000க்கு மேற்பட்டோர் அந்நோய் கண்டவராகக் கருதப்பட்டனர். 1960களின் நடுப்பகுதியில் இலங்கையில் ஒருமுறை அறியப்பட்டு மறைந்திருந்த நோய், நாற்பது ஆண்டுகளின் பின் மீண்டும் வந்தது.

அக்காய்ச்சல் வந்தவிதம் முன் கண்ட காய்ச்சல்களைப் போன்றதாக இருக்கவில்லை. காலையிற் கடலுக்குச் சென்றவர் மாலையில் வள்ளத்திலிருந்து இறங்கமாட்டாதவராயினர். காய்ச்சல் சில நாட்களில் விட்டது. மூட்டுகளைப் பற்றிய நோவு விடவில்லை. மணிக்கட்டு, விரற்கணுக்கள், முழங்கால், கணுக்கால் என இருபுறத்து மூட்டுகளும் வீங்கி இறுகின. பலர் நிமிர்ந்து நடக்க இயலாது, சுவரையும் கோலையும் பற்றிக்கொண்டு வளைந்து நடந்தனர். தேங்காய் துருவவும், சட்டையின் பொத்தானைப் பூட்டவும், கிணற்றில் வாளியிட்டு நீர் அள்ளவும் விரல்கள் இசையவில்லை. சிலருக்கு அது வாரங்களில் தீர்ந்தது. வேறு சிலருக்கு மாதங்களாக நீடித்தது. உயிரைப் பறிப்பது அரிதாகையால் இந்நோயைச் சிறிதென்று எண்ணுவாருமுளர். கைகளின் உழைப்பையே முதலாகக் கொண்ட ஒரு குடும்பத்துக்குக் கைகள் மூன்று மாதம் மடங்கிக் கிடப்பது சிறிதன்று.

உள்துறைமுகத்தை அண்டிய மீனவர் குடியிருப்பொன்றில் நிகழ்ந்ததை இவ்விடத்திற் குறிப்பிடலாம். ஐம்பது வயதைக் கடந்த ஒரு தாய்க்கு அவ்வீட்டில் முதலிற் காய்ச்சல் வந்தது. வைத்தியசாலையில் நோயின் பெயரைச் சொன்னார்கள், மாத்திரை கொடுத்தார்கள், கூட்டம் மிகுந்திருந்தமையால் வேறெதுவும் சொல்ல அவர்களுக்கு நேரமிருக்கவில்லை. வீடு திரும்பியவளைப் பார்க்கப் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள்.

“என்ன வருத்தமாம், அக்கா?”

“சிக்கன் ஏதோ எண்டாங்க, தங்கச்சி. முழுசா வாயில வருகுதில்ல.”

“அதுதானே பார்த்தன். பேரிலேயே சிக்கன் இருக்கே! இந்தக் கோழியளாலதான் வந்திருக்கு. இனி வச்சிருக்காதிங்க.”

அவ்வீட்டில் பதினொரு கோழிகள் இருந்தன. முட்டை விற்ற காசு, இளைய மகளின் கொப்பிகளுக்கும் பாடசாலைப் பயணத்துக்கும் என ஒதுக்கப்பட்டிருந்தது. இரண்டு நாட்களுள் கோழிகள் அனைத்தும் வந்த விலைக்குப் போயின. வாங்க மறுத்தவரும் உண்டு. அவர்களும் அப்பெயரைக் கேட்டிருந்தனர். கோழிக்கூடு எரிக்கப்பட்டது. முற்றம் கூட்டிச் சுத்தம் செய்யப்பட்டது. குசினிக்குப் பின்னால் மூடியின்றி நின்ற நீல நிறப் பிளாத்திக்குப் பீப்பாவைத் தொட வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. தண்ணீர் பவுசர் வரும் நாட்களில் அப்பீப்பா நிரப்பப்படும். அடுத்த பவுசர் வரும்வரை அது அவ்வாறே நிற்கும். இரண்டு வாரத்துள் மூத்த மகள் படுத்தாள். அவளைத் தொடர்ந்து கணவர் படுத்தார். கரைவலையின் கயிற்றைப் பற்றிய கைகள் தேநீர்க் கோப்பையையும் பற்றமாட்டாதனவாயின.

பின்னர் அவ்வழியே வந்த குடும்பநல மருத்துவமாது அப்பீப்பாவினுள் எட்டிப் பார்த்தாள். நீர் தெளிந்திருந்தது. அத்தெளிந்த நீரில் நூற்றுக்கணக்கான குடம்பிகள் தலைகீழாகத் தொங்கின. நிழல் பட்டதும் நெளிந்து அடியை நோக்கி இறங்கின.

“அம்மா, கோழி ஒரு பாவமும் செய்யல்ல. இஞ்ச பாருங்க, இதிலதான் எல்லாம் இருக்கு.”

அத்தாய் நெடுநேரம் நீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்பு கேட்டாள்: “அப்ப ஏன் மிஸ்ஸி அதுக்கு இந்தப் பேரை வச்சாங்க?”

கேள்வி நேர்மையானது. பெயர் என்பது எதையோ சொல்வதற்காகவே வைக்கப்படுகிறது என்ற நம்பிக்கை அக்கேள்வியினுள்ளே இருந்தது. அதற்கு விடை கூறுவார் அவ்விடத்தில் எவருமிலர். விடையோ, இந்துமாகடலின் மறுகரையில் இருந்தது.

கிழக்காபிரிக்காவில், இன்றைய தன்சானியாவின் தென்கோடியில், மொசாம்பிக் எல்லையில் ஓடும் ருவுமா ஆற்றுக்கு வடக்கே மகொண்டே மேட்டுநிலம் இருக்கிறது. கருமரச் சிற்பத்துக்குப் புகழ்பெற்ற மகொண்டே மக்கள் வாழும் நிலம் அது. அந்நாடு தங்கனிக்கா என்ற பெயருடன் பிரித்தானியர் ஆட்சியில் இருந்த 1952, 1953ஆம் ஆண்டுகளில், அம்மேட்டின் நெவாலாப் பகுதியில் ஒரு காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவியது. அதன் நோய்க்குறிகளை மரியன் றொபின்சன் என்னும் மருத்துவரும், அது பரவியவிதத்தை லம்ஸ்டன் என்பாரும் ஆராய்ந்து 1955இல் எழுதினர். நோயாளியின் குருதியிலிருந்து வைரசைப் பிரித்தெடுத்தவர் ரொஸ் என்னும் மற்றோர் ஆய்வாளர். மலேரியாவை ஆராய்ந்த ரொஸ் வேறு, இவர் வேறு. நோய்க்கு அவர்கள் புதுப்பெயர் தேடவில்லை. நோயுற்ற மகொண்டே மக்கள் சொன்ன பெயரையே எழுதிக்கொண்டனர். அப்பெயரே ‘சிக்குன்குன்யா’. ‘வளைந்து முறுகச் செய்வது’ என்பது அதன் பொருள். வளைந்து திருகிப்போதலைக் குறிக்கும் ‘குன்குன்யாலா’ என்னும் மகொண்டே வினையடியிலிருந்து அது பிறந்தது. அது சுவாகிலிச் சொல் என்று பல நூல்கள் கூறுவது தவறு.

இச்சொல்லின் இலக்கணம் தமிழ் கற்போருக்குச் சுவை பயப்பதாகும். ஆபிரிக்காவின் பாண்டு மொழிகள் முன்னொட்டுகளால் இயங்குவன. ‘சி’ என்னும் முன்னொட்டு, இன்ன வகையைச் சேர்ந்த பெயர் என்பதைத் தெரிவிக்கிறது. தமிழ் இதே தொழிலைச் சொல்லின் இறுதியிற் செய்யும். ‘முடக்கு’ என்னும் வினையோடு இகர விகுதி சேர, முடக்குவதாகிய பொருளைக் குறிக்கும் ‘முடக்கி’ என்ற பெயர் பிறக்கிறது. மகொண்டேயர் தலையில் வைத்ததைத் தமிழர் காலில் வைக்கின்றனர், கருத்து ஒன்றே.

லம்ஸ்டனின் ஆய்வு இன்னொன்றையும் புலப்படுத்தியது. மகொண்டே மேட்டில் நீர் கிடைப்பது அரிது. பள்ளத்தாக்குகளில் நெடுந்தூரம் இறங்கிச் சென்று பெண்கள் நீர் சுமந்து வரவேண்டியிருந்தது. அவ்வாறு வருந்திக் கொணர்ந்த நீரை அவர்கள் குடிசைகளினுள்ளே பாத்திரங்களிற் சேமித்தனர். அந்நீரிலேயே ஈடிஸ் நுளம்பு பெருகியது. ஐம்பது ஆண்டுகளின் பின், 2004இல், கென்யாவின் லாமு தீவில் இந்நோய் வெடித்தது. அங்கு நூற்றுக்கு 75 பேர் வரை தொற்றுக்குள்ளாயினர் என்று பின்னர் கணிக்கப்பட்டது. அதற்கு முன் அக்கரையில் வறட்சி நிலவியது. வீடுகளிற் சேமித்த நீர் நெடுநாள் மாற்றப்படாது நின்றது. மகொண்டே மேட்டுக் குடிசையும், லாமுவின் வீடும், திருகோணமலைக் குடியிருப்பின் நீலப் பீப்பாவும் ஒரே வரலாற்றின் மூன்று பக்கங்கள். நீர் தட்டுப்படும் இடத்திலேயே இந்நுளம்பு தழைக்கிறது. மழைக்காலத்து நோய் என்று மாத்திரம் இதனைக் கருதுவோர் இவ்வுண்மையைத் தவறவிடுகின்றனர்.

லாமுவிலிருந்து நோய் கொமொரோ தீவுகளுக்குச் சென்றது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் றியூனியன் தீவை அடைந்து, அங்கு வாழ்வோருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரைத் தாக்கியது. 2006இல் இந்தியாவில் ஏறத்தாழ 14 இலட்சம் பேர் இந்நோய் கண்டவராகக் கருதப்பட்டனர். தமிழகமும் அதற்குத் தப்பவில்லை. 1964இலேயே சென்னை நகரத்தை வாட்டிய நோய்தான் அது. முப்பதாண்டுகளுக்கு மேல் மறைந்திருந்து மீண்டது. தமிழகத்திலும் ‘சிக்கன் குனியா’ என்று சொல்வாரும் எழுதுவாரும் பலராயினர். ஆகவே, திருகோணமலையின் அத்தாயைப் படிப்பறிவு குறைந்தவள் என்று ஒதுக்குவது பொருந்தாது. பொருளறியாத சொல்லைப் பொருளறிந்த சொல்லாக மாற்றிக் கேட்பது மனிதச் செவியின் இயல்பு. அவ்வியல்புக்கு ஐரோப்பியரும் விலக்கல்லர் என்பதை ‘டெங்கு’ என்ற பெயரின் வரலாறு காட்டும்.

1870இல் சன்சிபார் தீவில் ஒரு காய்ச்சல் பரவியது. அங்கு மருத்துவராயிருந்த ஜேம்ஸ் கிறிஸ்ரி அதனை ஆராய்ந்தார். 1823இலும் அத்தகைய நோய் அங்கு வந்ததென முதியோர் அவருக்குக் கூறினர். மக்கள் அதனைச் சுவாகிலியிற் ‘கிடிங்கா பெப்போ’ என்றனர். தீய ஆவி திடீரெனப் பற்றி உடலை இசிக்கச் செய்வது என்பது அதன் கருத்து. 1827, 1828ஆம் ஆண்டுகளில் மேற்கிந்தியத் தீவுகளில் இதையொத்த நோயொன்று பரவியபோது, ஆங்கிலம் பேசுவோர் அதனை ‘டண்டிக் காய்ச்சல்’ என்றனர். டண்டி என்பது பகட்டாக உடுத்து விறைத்து நடக்கும் ஒய்யாரக்காரனைக் குறிக்கும் சொல். நோயாளியின் விறைத்த நடைக்கு அது பொருந்தியது. கியூபாவில் வழங்கிய ஸ்பானிய மொழியில் அது ‘டெங்கே’ ஆயிற்று. அச்சொல் அம்மொழியிற் பிலுக்கையும் பாசாங்கையும் குறிக்கும். சன்சிபாரின் ‘டிங்கா’ என்ற சொல்லே அத்திலாந்திக்கைக் கடந்து சென்று இவ்வாறு திரிந்ததென்பது பலர் கொண்ட கருத்து. இது உண்மையாயின், ஆபிரிக்காவில் இசிவாக இருந்த சொல், ஆங்கிலேயன் செவியில் ஒய்யாரமாகவும் ஸ்பானியன் செவியிற் பிலுக்காகவும் மாறியது. திருகோணமலையில் வளைவு கோழியாக மாறியதும் இதே விதியினாலேயே.

இதைவிட வியப்புக்குரியது ஒன்றுண்டு. சன்சிபாரிற் கிறிஸ்ரி கண்ட நோயில் மூட்டு நோவே முதன்மையானது. காய்ச்சல் விட்டபின்னும் அது நெடுங்காலம் நீடித்தது. இது டெங்கின் இயல்பைக் காட்டிலும் சிக்குன்குனியாவின் இயல்புக்கே பொருந்துகிறது. அந்நாளிற் டெங்கு என்று எழுதப்பட்ட கொள்ளைநோய்களுட் சில உண்மையிற் சிக்குன்குனியாவே என்று டொனால்ட் கேரி 1971இல் வாதிட்டார். 1943இல் யப்பானிய ஆய்வாளர் டெங்கு வைரசைப் பிரித்தெடுத்தபோது ‘டெங்கு’ என்ற பெயர் அவ்வைரசுக்கே உரியதாகிவிட்டது. கேரியின் கருத்து சரியாயின், ஒரு நோய்க்காகப் பிறந்த பெயர் மற்றொரு நோயிடம் போய்ச் சேர்ந்தது. பெயரைப் பறிகொடுத்த நோய், பத்தாண்டுகளின் பின் மகொண்டே மேட்டில் வேறொரு பெயரைப் பெற்றது. வைரசுக் குடும்பம் வேறாயினும், பரப்பும் நுளம்பும் தொடக்கக் குறிகளும் ஒன்றாக இருந்தமையே இம்மயக்கத்துக்குக் காரணம். 2006இல் இலங்கையில் இவ்விரு நோய்களும் ஒரே காலத்திற் பரவின. எது எதுவெனப் பிரித்தறிவது வெறும் சொல்லாராய்ச்சியன்று. டெங்கு குருதிப் பெருக்கை உண்டாக்கி உயிரைக் கொள்ளக்கூடியது. ஆகவே அது டெங்கன்று எனத் தெளியும்வரை மூட்டுநோவுக்கு அஸ்பிரினைக் கொடுத்தல் ஆபத்தாகும்.

இனி, தமிழில் அமைந்த ஒரு தற்செயலையும் சொல்லவேண்டும். மகொண்டேச் சொல் தமிழெழுத்திற் ‘சிக்குன்குனியா’ என்று எழுதப்படுகிறது. அதனுள்ளே ‘குனி’ என்ற தமிழ் வினை ஒளிந்திருக்கிறது. குனிதல் என்பது வளைதலே. ‘கூன்’, ‘கோணல்’ என்பனவும் அப்பொருளுக்கு அணித்தானவை. கோணமலை என்னும் ஊர்ப்பெயரிலும் ஒரு கோணம் இருக்கிறது. இவ்வொற்றுமையைக் கண்ட மாத்திரத்தே மகொண்டேயும் தமிழும் ஒருகுலத்து மொழிகள் என்று முழங்கப் புறப்படுவோர் இருத்தல் கூடும். அது மொழியியலாகாது. இரண்டொரு சொல்லின் ஒலியொப்புமை உறவுக்குச் சான்றாவதில்லை. ஒழுங்கான ஒலி மாற்றங்கள் பல சொற்களிலே தொடர்ந்து காணப்படல் வேண்டும். எனினும், உறவுக்குச் சான்றாகாத தற்செயல் நினைவுக்குத் துணையாகலாம். “இந்நோய் ஆளைக் குனிய வைக்கும், அதனாலேயே அந்நாட்டவர் இப்படிப் பெயரிட்டனர்” என்று ஒரு வாக்கியம் அன்று அத்தாயின் செவியில் விழுந்திருப்பின், அவள் தன் முதுகைத் தடவிப் பார்த்திருப்பாள், கோழிக்கூட்டைப் பார்த்திருக்கமாட்டாள்.

தமிழரிடத்தே நோய்க்குப் பெயரிடும் ஆற்றல் இல்லாமற் போகவில்லை. கொப்பளங்களைத் தருவதைக் ‘கொப்பளிப்பான்’ என்றனர். உடல் அனலாய் எரிவதை ‘நெருப்புக் காய்ச்சல்’ என்றனர். இருமி இருமி மூச்சிழுப்பதைக் ‘குக்கல்’ என்றனர். நுளம்பு பரப்பும் இன்னொரு நோய்க்கு ‘யானைக்கால்’ என்று பெயரிட்டனர். அதனை அறிய அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. மூட்டுப் பிடிப்புக்கு வேலியோரத்துக் கொடியொன்றைப் பறித்து இரசம் வைத்த கைவைத்தியம், அக்கொடிக்கும் ‘முடக்கொத்தான்’ என்று அந்நோவின் பெயரையே சூட்டியது. இவையெல்லாம் மகொண்டேயர் செய்ததையே செய்தன. பட்டவர் பாட்டைச் சொல்லாக்கின.

எழுத்தறிந்தோர் செய்த முயற்சியும் இந்நாட்டிற் பழையது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலைமருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். தமிழில் மருத்துவ நூல்களை ஆக்குவித்தார். மாணவன் தன் மொழியில் அறிந்தாலன்றித் தன் ஊராருக்குப் பயன்படான் என்பதே அவர் பணியின் உட்கிடை. சுவாமி விபுலாநந்தர் சென்னையிற் கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கினார். அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. ஆயினும் 2006இல் ஒரு புதுநோய் கரையேறியபோது அம்மரபின் பயன் அக்குடியிருப்பை எட்டவில்லை. அனைத்துலகப் பெயரை அகற்றிவிட்டுத் தனித்தமிழ்ப் பெயரொன்றை நிலைநாட்ட வேண்டும் என்பது இதன் கருத்தன்று. சிக்குன்குனியா என்ற பெயர் நிற்கட்டும். அது ஒரு மக்கட் கூட்டத்தின் துன்பத்தைப் பதிந்துவைத்த மதிப்புக்குரிய சொல். அதன் பக்கத்தில் ‘நுளம்பாற் பரவும் மூட்டுமுடக்கிக் காய்ச்சல்’ என்று ஒரு விளக்கம் நின்றிருப்பின் போதும். உடலுக்கு என்ன நேரும், அது எங்கிருந்து வரும் என்னும் இரண்டு வினாக்களுக்கும் அது விடையளித்திருக்கும்.

பெயர் விளங்கினால் நோய் ஒழிந்துவிடுமா என்று ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. மறு ஆண்டிலேயே டெங்கு முன்னொருபோதுமில்லாத அளவிற் பரவியது. அவ்வாண்டு நாடு முழுவதும் 186,000 பேர் வரை நோயுற்றனர். 400க்கு மேற்பட்டோர் இறந்தனர். திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாவில் மார்ச் மாதத்தில் உயிர்கள் அடுத்தடுத்துப் போயின. பாடசாலைகள் சில நாட்கள் மூடப்பட்டன. டெங்கு என்ற பெயரை அறியாத குழந்தையும் அப்போது இல்லை. அதனை நுளம்பு பரப்புகிறது என்பதும் எவருக்கும் புதிய செய்தியன்று. அறிந்தும் தடுக்க இயலவில்லை. அவ்வாறாயின் அறிவு வீணா?

அறிவு பாதியில் நின்றுவிட்டது என்பதே உண்மை. ‘டெங்கு நுளம்பு தெளிந்த நன்னீரில் மாத்திரம் பெருகும்’ என்பது நெடுங்காலம் சுவரொட்டிகளும் பாடநூல்களும் சொல்லிவந்த வாசகம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியற் பேராசிரியர் சுரேந்திரன் உள்ளிட்ட ஆய்வாளர் வடகிழக்குக் கரையோரங்களில் ஆராய்ந்து, ஈடிஸ் குடம்பிகள் உவர்கலந்த நீரிலும் வளர்வதை 2011இல் வெளிப்படுத்தினர். கைவிடப்பட்ட கிணறுகள், கரையிற் கிடக்கும் பழைய வள்ளங்கள், எறியப்பட்ட கொள்கலங்கள் ஆகியவற்றில் அவை இருந்தன. கடலோரக் குடியிருப்பொன்றில் சிரட்டையையும் ரயரையும் அகற்றிய கை, மணலில் கவிழ்க்கப்படாது கிடந்த வள்ளத்தை விட்டுவைத்திருக்கக்கூடும். தவறாகக் கேட்ட பெயர் கோழியைக் காட்டியது. குறையாகச் சொன்ன வாசகம் வள்ளத்தை மறைத்தது. இரண்டிலும் சொல்லை நம்பியவர்களே நோயுற்றனர். சொல்லைக் கொடுத்தவர்கள் அதன்பின் அதனை எண்ணிப் பார்த்தனரா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

மற்றொன்றும் உண்டு. மூடியிட்டு வை என்று சொல்வது எளிது. மூடியுள்ள தாங்கியை வாங்குவது எளிதன்று. வாரத்துக்கொருமுறை நீரைக் கொட்டிப் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவு என்பது சரியான அறிவுரை. முட்டைகள் காய்ந்த சுவரிலும் பல மாதம் ஒட்டியிருந்து, நீர் பட்டதும் பொரிக்கும் ஆற்றலுடையன. ஆனால், வாரத்துக்கொருமுறையே பவுசர் வரும் ஊரில் நீரைக் கொட்டச் சொல்லும் அறிவுரை எவ்வளவு தூரம் செல்லும்? குழாய்நீர் ஒழுங்காக வரும் இடத்தில் பீப்பாவுக்கு வேலையில்லை. எனவே இந்நோயின் வரலாறு, ஒருபுறம் சொல்லின் வரலாறாகவும் மறுபுறம் நீரின் வரலாறாகவும் விளங்குகிறது. சொல் தெளிந்தால் மக்கள் எதைக் கேட்க வேண்டும் என்பதை அறிவர். கோழியைக் குற்றஞ்சாட்டுவோர் நீரைக் கேட்கமாட்டார்கள்.

2024ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து சிக்குன்குனியா இலங்கையில் மீண்டும் தலைகாட்டியது; சிறப்பாகக் கொழும்பை அண்டிய பகுதிகளில் அது பரவியது. நோய் மறைவதும் மீள்வதும் அதன் இயல்பு. அது மறைந்திருக்கும் காலம், சொற்களைச் செப்பஞ்செய்து வைத்துக்கொள்ளக் கிடைத்த காலமாகும். புதிய நோய்களும் வரும். அவற்றின் பெயர்கள் எந்நாட்டு மொழியிலிருந்தேனும் வரும். அப்பெயர் எம்மொழியினது, அது என்ன சொல்கிறது, அதனைத் தமிழிற் கேட்பவன் எதனோடு மயங்கக்கூடும் என்ற ஆராய்ச்சி தமிழ்த்துறைக்கும் மருத்துவத்துறைக்கும் பொதுவானது. இரு துறையினரும் ஒரே வளாகத்திற் கற்கின்றனர். ஒரு மேசையிலிருந்து ஒரு துண்டுப்பிரசுரத்தை எழுதுவதற்குப் பெருஞ்செலவு எதுவும் வேண்டியதில்லை.

மகொண்டே மேட்டில் அச்சொல்லை முதலில் உரைத்தவர் யாரென எவருக்கும் தெரியாது. பள்ளத்தாக்கிலிருந்து நீர் சுமந்து வந்து, மறுநாள் நிமிரமுடியாது போன ஒருத்தியாகவும் இருக்கலாம். தனக்கு நேர்ந்ததை அவள் தன் மொழியிற் பிழையின்றிச் சொன்னாள். அவள் சொன்னது அரை நூற்றாண்டு கடந்து இந்துமாகடலின் இக்கரையை அடைந்தது. அதன் பொருளை இக்கரையில் வாழ்பவளுக்கு அவள் மொழியில் எடுத்துச் சொல்வது, சொல்லைக் கற்றவர்களுடைய கடனாகும்.